அடிமைக் காலத்து மனிதர்களோடு கற்பனைப் பேட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆண்டு மலரில் "பாரதியாருடன் ஒரு கற்பனைப் பேட்டி" எழுதாத ஆள் நம்மில் குறைவு. அதே வடிவத்தில், அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் அடிமை முறை நடந்த காலத்து மனிதர்களைப் பேட்டி காண வைத்து எங்கள் வாசகர் வட்டத்தில் மாணவர்களை எழுதச் சொல்கிறோம். ஒவ்வொரு தடவையும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் பழையவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன. முதல் முறை வருபவர்கள் வரிசையாகப் படித்துவிடுங்கள்.

கற்பனைப் பேட்டிதானே, கதை மாதிரி நம் இஷ்டத்துக்கு எழுதலாமா?

கேள்வியை இஷ்டத்துக்கு எழுதலாம். பதிலை அப்படி எழுத முடியாது. பேட்டி காண்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எதைக் கேட்கிறார், எதைக் கேட்கத் தயங்குகிறார் என்பதில் உங்கள் கற்பனை முழுக்க வேலை செய்யட்டும். பதில் மட்டும் அந்த மனிதர் எழுதியதையோ சொன்னதையோ ஒட்டி இருக்க வேண்டும். அவர் வாயில் நம் கருத்தைத் திணித்தால் அது நம் கட்டுரைதான், மேலே அவர் பெயர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

யாரை எடுப்பது? எல்லாரும் லிங்கனைத்தான் எடுக்கிறார்கள்.

லிங்கனை விடுங்கள். அவர் அடிமை முறையை வெளியே நின்று பார்த்தவர். முதல் முயற்சிக்கு ஃபிரெடரிக் டக்ளஸைத்தான் நான் சொல்வேன். 1818-இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தார், 1838-இல் தப்பினார், 1845, 1855, 1881 என்று மூன்று சுயசரிதைகள் எழுதினார். சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தன் கையாலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

லிங்கன் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் லிங்கனைப் பற்றி டக்ளஸிடம் கேளுங்கள். கறுப்பினச் சிப்பாய்களுக்குச் சம்பளம் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று 1863-இல் வெள்ளை மாளிகைக்கே போய் முறையிட்டவர் அவர். 1876-இல் லிங்கன் நினைவாகச் சிலை திறந்த விழாவில் வெள்ளையரைப் பார்த்து, நீங்கள் லிங்கனின் பிள்ளைகள், நாங்கள் அதிகம் போனால் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் என்ற பொருளில் பேசினார். விழா மேடையில் அப்படிப் பேசிய மனிதரிடம் கேட்க நிறைய இருக்கிறது.

"அடிமையாக இருந்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். வெள்ளத்தில் வீடு போனவர் முன்னால் மைக்கை நீட்டி டிவிக்காரர்கள் கேட்கிற கேள்வி அது. அதற்கு "மிகவும் வேதனையாக இருந்தது" என்றுதான் எழுதுவீர்கள், எழுதியதும் பேட்டி படுத்துவிடும்.

டக்ளஸிடம் சின்னதாகக் கேளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள்? மக்காச்சோள மாவைக் கூழாகக் காய்ச்சி, ஒரு பெரிய மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள், பன்றிகளைக் கூப்பிடுவது போலப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். சிலர் சிப்பி ஓட்டால் அள்ளுவார்கள், சிலர் வெறுங்கையால். கரண்டி யாருக்கும் இல்லை. வேகமாகத் தின்றவனுக்கு அதிகம் கிடைக்கும். என்ன உடுத்தினீர்கள்? முட்டி வரை தொங்கும் முரட்டுத் துணிச் சட்டை ஒன்று. செருப்பு கிடையாது, போர்வை கிடையாது. குளிர்காலத்தில் சோளம் கட்டும் சாக்கு ஒன்றைத் திருடி, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஈரத் தரையில் தூங்குவார், கால் வெளியே கிடக்கும். பனியில் பாதம் எவ்வளவு வெடித்தது என்றால், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பேனாவை அந்த வெடிப்புகளில் படுக்க வைக்கலாம் என்று எழுதுகிறார். எப்படி உணர்ந்தார் என்று இனிமேல் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

உணர்வைக் கேட்டே ஆக வேண்டிய இடத்திலும் நாம் எதிர்பார்க்கும் பதில் வராது. டக்ளஸின் தாய்க்கு வேறு தோட்டத்தில் வேலை. பகல் முழுக்க வயலில் உழைத்துவிட்டு 12 மைல் நடந்து இரவில் வந்து மகனைப் பார்ப்பார், விடிவதற்குள் திரும்பி ஓட வேண்டும். மொத்தமே நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறார். அந்தத் தாய் இறந்த செய்தி வந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் இறந்ததைக் கேட்டது போலத்தான் இருந்தது என்று 1845-இல் எழுதினார். நம்மில் யாராவது கற்பனையில் எழுதியிருந்தால் கண்ணீரும் கம்பலையுமாகத்தான் எழுதியிருப்போம்.

அவர் சொல்லாத பதிலை நான் எழுதவே கூடாதா?

எழுதலாம், ஓரத்தில் குறித்து வைத்துவிட்டு எழுதுங்கள். எங்கள் வட்டத்தில் கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் போடச் சொல்கிறோம். அவரே சொன்னது என்றால் எந்த ஆண்டு என்ற எண். பக்கத்தில் இருந்தவர் சொன்னது என்றால் அவர் பெயர். உங்கள் ஊகம் என்றால் ஒரு கேள்விக்குறி. பக்கம் முழுக்கக் கேள்விக்குறியாக இருந்தால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு வழியும் இருக்கிறது: அவர் பதில் சொல்ல மறுக்கட்டும். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது டக்ளஸ் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டார். அந்தப் பையன்கள் பெயரை எழுத ஆசைதான், ஆனால் எழுதினால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்று தன் புத்தகத்திலேயே மறுத்துவிட்டார். உங்கள் பேட்டியிலும் "பெயர் வேண்டாம், அந்தத் தெருவின் பெயரை வேண்டுமானால் சொல்கிறேன்" என்று அவர் சொல்லலாம். ஃபில்பாட் தெரு. அதை அவரே எழுதியிருக்கிறார்.

பேட்டி எந்த ஆண்டில் நடக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டுமா?

கட்டாயம். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "எப்படித் தப்பினீர்கள்?" என்று 1845-இல் கேட்டால் டக்ளஸ் வாயைத் திறக்க மாட்டார். வழியைச் சொன்னால் உதவியவர்கள் மாட்டுவார்கள், பின்னால் தப்ப நினைப்பவர்களுக்கும் அந்த வழி அடைபடும். அதே கேள்வியை 1881-க்குப் பிறகு கேளுங்கள், நிறுத்தாமல் சொல்வார். மாலுமி வேடம், சிவப்புச் சட்டை, கழுத்தில் கறுப்புத் துணி, கையில் ஒரு நண்பனிடம் இரவல் வாங்கிய மாலுமிச் சான்றிதழ். அதில் எழுதியிருந்த அங்க அடையாளம் இவருக்குப் பொருந்தாது. ரயிலில் வந்த கண்டக்டர் மேலே இருந்த அமெரிக்கக் கழுகு முத்திரையைப் பார்த்துவிட்டு டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மனசும் மாறுகிறது. முந்தின பதிலில் வந்த தாயைப் பற்றி 1855 புத்தகத்தில் வேறு மாதிரி எழுதுகிறார். பட்டினி போடப்பட்ட ஒரு நாள் இரவு தாய் வந்து இஞ்சிக் கேக் கொடுத்து, பட்டினி போட்டவளை வாங்கு வாங்கென்று வாங்கிய கதை அதில்தான் இருக்கிறது. எது உண்மையான டக்ளஸ் என்று கேட்காதீர்கள். 27 வயதுக்காரர் ஒன்று எழுதினார், 37 வயதுக்காரர் வேறொன்று எழுதினார். நீங்கள் யாரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேட்டி எடுப்பது நான்தானே? அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க வேண்டியதே அதில்தான் இருக்கிறது. இதற்கு நான் எப்போதும் சூசன் ஹாம்லின் கதையைச் சொல்வேன். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசு வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து, அடிமையாக இருந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைப் பேட்டி எடுக்க வைத்தது. 17 மாநிலங்களில் 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற பாட்டியை 1937-இல் இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார்கள்.

ஒருவர் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாட்டி, வந்தவர் உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டார். அந்த உதவியில் பிழைத்தவர் அவர். எஜமான் தங்கமானவர், நல்லபடி வைத்திருந்தார் என்கிற தோரணையில் பேட்டி ஓடுகிறது. இன்னொருவர் அகஸ்டஸ் லாட்சன், கறுப்பினத்தவர். அவரிடம் அதே பாட்டி சவுக்கடி பற்றிப் பேசுகிறார், இரவு கல்யாணம் ஆன ஜோடியில் பெண்ணை மறுநாள் காலையில் எஜமான் விற்றதைச் சொல்கிறார், மனம் உடைந்தே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்கிறார். பெயரைக்கூட ஒருவர் ஹாம்லின் என்றும் மற்றவர் ஹாமில்டன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் பேட்டியில் கேட்பவர் வெள்ளையரா, கறுப்பரா, பத்திரிகைக்காரரா, தப்பி ஓடிய இன்னொருவரா, 2020களில் தமிழ்நாட்டிலிருந்து போன கல்லூரி மாணவியா என்று முதல் வரியிலேயே தெரிய வேண்டும். அந்த மாணவியை டக்ளஸ் ஏற இறங்கப் பார்த்து "நீ யார், எதற்குக் கேட்கிறாய்?" என்று ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் அந்த 1930களின் பேட்டிகளை நம்பவே கூடாதா?

நம்பலாம், கணக்குப் பார்த்து நம்ப வேண்டும். பேசியவர்களில் பெரும்பாலோர் அடிமை முறை முடிந்த 1865-இல் சிறு பிள்ளைகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். காலம் பெரும் பொருளாதார மந்தக் காலம். பக்கத்து வீட்டுக்காரரே பழைய எஜமானின் பேரனாக இருக்கலாம். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அன்றாட வாழ்க்கையைப் பற்றி இதைவிடப் பெரிய களஞ்சியம் கிடையாது.

படிப்பதோடு நிறுத்தாமல் கேட்கவும் செய்யுங்கள். ஒரு சிலரின் குரல் பதிவாகவே இருக்கிறது. பால்டிமோரில் 1949-இல் பதிவான ஃபவுண்டன் ஹியூஸ் பேட்டியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மறுபடி அடிமையாக வேண்டிவரும் என்று தெரிந்தால் துப்பாக்கியை எடுத்து என் கதையை முடித்துக்கொள்வேன், அடிமை என்றால் நாய்தான் என்று கிழவர் நிதானமாகச் சொல்வார். குரல் ஏறவே ஏறாது. நம் பிள்ளைகள் எழுதும் பேட்டிகளில் வரிக்கு வரி ஆச்சரியக்குறி போடுவதை இந்தப் பதிவு கொஞ்சம் குறைத்திருக்கிறது.

ஹேரியட் டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாமே, அவரை எப்படிப் பேட்டி எடுப்பது?

டப்மன் தானே அடிமையாக இருந்து தப்பியவர், திரும்பத் திரும்பப் போய் மற்ற அடிமைகளையும் மீட்டு வந்தவர். அவரை நிஜமாகவே பேட்டி எடுத்திருக்கிறார்கள். தப்பிக் கனடா போனவர்களைத் தேடிப்போய்ப் பேசிய பெஞ்சமின் ட்ரூ என்ற பத்திரிகையாளர் 1855-இல் அவரைச் சந்தித்தார். கிடைத்தது ஒரு சிறு துண்டுதான். கவனிப்பாரற்ற களைச்செடி போல வளர்ந்தேன், சுதந்திரம் என்றால் என்னவென்றே தெரியாது என்று தொடங்குகிறார். இரண்டு சகோதரிகளைச் சங்கிலியில் பூட்டி இழுத்துப் போனதைச் சொல்கிறார். உங்கள் பேட்டியை அந்தத் துண்டிலிருந்து தொடங்குங்கள்.

எண்களில் கவனம். 19 தடவை போனார், 300 பேரை மீட்டார் என்பது சேரா பிராட்ஃபோர்டு எழுதிய பழைய வாழ்க்கை வரலாறு ஊதிவிட்டது. இன்றைய ஆய்வாளர்கள் சுமார் 13 பயணம், சுமார் 70 பேர் என்கிறார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே ஒருவர் 13 தடவை திரும்பிப் போனது போதாதா, எண்ணை ஏற்ற வேண்டுமா? பெரிய எண் வேண்டும் என்றால் 1863 ஜூனில் கம்பாஹி ஆற்றில் உள்நாட்டுப் போரின் வடக்குப் படையோடு படகில் போய் 700 பேருக்கு மேல் விடுவித்ததைக் கேளுங்கள்.

"ஆயிரம் பேரை விடுவித்தேன், தாங்கள் அடிமை என்று தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்" என்று டப்மன் சொன்னதைச் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வாட்ஸப்பில் அப்துல் கலாம் படத்தோடு சுற்றுகிற பொன்மொழிகளின் ஜாதி. அடிமைகளுக்குத் தாங்கள் அடிமை என்றே தெரியாதாம்! மரத்தொட்டியில் கூழ் குடித்தவருக்கும் கழுத்தில் சங்கிலி மாட்டியவருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர்கள் தமிழில் எப்படிப் பேச வேண்டும்? கொச்சையாகவா, எழுத்துத் தமிழிலா? நீ என்பதா, நீங்கள் என்பதா?

அடிமையாக இருந்து விடுதலையாகி மேடைப் பேச்சாளரான சோஜர்னர் ட்ரூத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1851-இல் ஒஹையோவின் ஏக்ரான் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். ஒரு மாதத்துக்குள் பத்திரிகையில் வந்த செய்தியில் அவர் பேச்சு சாதாரண, தெளிவான ஆங்கிலத்தில் இருக்கிறது. 12 ஆண்டு கழித்து ஃபிரான்சிஸ் கேஜ் என்பவர் நினைவிலிருந்து எழுதியபோது அது தென்மாநில அடிமைகளின் கொச்சையாகிவிட்டது. "நான் ஒரு பெண் இல்லையா?" என்று திரும்பத் திரும்ப வரும் வரியும் அதில்தான் வருகிறது. உலகம் முழுக்கப் பரவியது இந்த இரண்டாவது வடிவம்தான். ட்ரூத் தெற்கே வாழ்ந்தவரே இல்லை, நியூயார்க் மாநிலத்துக்காரர். சிறு வயதில் அவர் பேசியது டச்சு. கேஜ் அவருக்கு 13 பிள்ளைகள் என்றும் எழுதினார், உண்மையில் ஐந்து.

அடிமை என்றாலே கொச்சை என்று அமெரிக்கர் செய்ததை நாம் தமிழில் "சாமி, எசமான்" என்று திரும்பச் செய்ய வேண்டாம். எளிமையான நல்ல தமிழில் பேசட்டும், கேட்பவர் "நீங்கள்" என்றே கேட்கட்டும். விதிவிலக்காக, பேசுபவர்களே மரியாதையை மாற்றும் இடங்கள் உண்டு. டக்ளஸின் பழைய எஜமான் தாமஸ் ஆல்ட் 1877-இல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். டக்ளஸ் அப்போது வாஷிங்டனில் மார்ஷல் என்ற பெரிய பதவியில் இருந்தார். பார்க்கப் போனவரைக் கிழவர் "மார்ஷல் டக்ளஸ்" என்று விளிக்க, "உங்களுக்கு மார்ஷல் இல்லை, பழையபடி ஃபிரெடரிக்தான்" என்றார் இவர். 1848-இல் இதே ஆல்டைக் கிழித்துப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதியவரும் இவரே. உங்களிடமிருந்து ஓடவில்லை, அடிமைத்தனத்திலிருந்து ஓடினேன் என்றும் அந்த அறையில் சொன்னார். நிஜமாக நடந்த அந்தப் பேட்டிக்குப் பக்கத்தில் வைக்க எந்தக் கற்பனைப் பேட்டியும் எனக்குத் தெரியாது.

ஏற்கெனவே பேட்டி இருக்கிறதே, அதையே எடுத்து மாற்றி எழுதினால் காப்பி ஆகாதா?

வரிக்கு வரி எடுத்தால் ஆகும். அந்தப் பேட்டி எடுக்கப்பட்ட விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தார்கள், 55 வெள்ளையர் அளவில் கொல்லப்பட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் தாமஸ் கிரே என்ற வெள்ளை வழக்கறிஞர் சிறையில் மூன்று நாள் உட்கார்ந்து டர்னர் சொன்னதை எழுதினார். 11-ஆம் தேதி தூக்கு. அந்த மாதமே கிரே அதைச் சிறு புத்தகமாக விற்றார். இப்போது நீங்கள் செய்தது தவறு என்று தெரிகிறதா என்ற கேள்விக்கு, கிறிஸ்துவைச் சிலுவையில் அறையவில்லையா என்று பதில் வருகிறது. இது டர்னரின் குரல் என்று எனக்குப் படுகிறது. வேறு பல இடங்களில் கிரேயின் வாசனை அடிக்கிறது. இந்த இரண்டு குரலையும் பிரித்துக் காட்டும்படி கிரேயையே பேட்டி எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டார். அருமையான யோசனை.

நேர் எதிர் உதாரணம் கொசோலா. அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றி வந்த கடைசிக் கப்பலான க்ளோடில்டாவில் 1860-இல் வந்தவர். எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1927-28-இல் அலபாமாவுக்குப் போய் அவரோடு பேசினார். பீச் பழக்கூடை கொண்டுபோவார். சில நாள் பழம் தின்றபடி பேசுவார்கள், சில நாள் தின்பது மட்டும் நடக்கும், சில நாள் வேலி கட்டணும், தோட்டத்தில் வேலை இருக்கு என்று கிழவர் துரத்திவிடுவார். படம் எடுக்கக் கேட்டபோது நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, காலில் மட்டும் செருப்பில்லாமல் நின்றார். ஆப்பிரிக்காவில் இருப்பது போலத் தெரிய வேண்டுமாம். "இன்னிக்கு வேண்டாம், போ" என்று விரட்டும் ஆளை உங்கள் பேட்டியிலும் வையுங்கள்.

எஜமானர்களைப் பேட்டி எடுத்தால் அவர்களை நியாயப்படுத்தியது ஆகாதா?

கேட்பதைப் பொறுத்தது. ஜான் நியூட்டன் 1748-இல் கடல் புயலில் சிக்கிப் பக்தரானார். அதற்குப் பிறகுதான் 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் கேப்டன். மேல்தளத்தில் ஜெபம், கீழே சங்கிலி. தொழிலை விட்டது உடல்நிலை கெட்டதால், மனசாட்சியால் இல்லை. "அமேசிங் கிரேஸ்" என்ற புகழ்பெற்ற கிறிஸ்தவப் பக்திப் பாடலை எழுதியபோதும் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எதையும் வெளியிடவில்லை. 1788-இல்தான் பகிரங்கமாக எழுதினார். ஆக அவரை 1752-இல் பேட்டி எடுக்கிறீர்களா, 1788-இலா? மேலே ஆண்டைப் பற்றிச் சொன்னது இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். 1752-இல் எடுத்தால் அவரை வருந்த விடாதீர்கள். கப்பல் குறிப்பேட்டில் எத்தனை பேரை ஏற்றினார், எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணி எழுதிய மனிதரைச் சாவகாசமாகப் பேச விடுங்கள். தாமாகவே வெளிப்படுவார்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சனும் அப்படித்தான். "எல்லா மனிதரும் சமம்" என்று எழுதியவர், தன் ஆயுளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தார். அவரோடு வாதாடி ஜெயிக்கிற மாதிரி எழுத வேண்டாம், அது நமக்கு நாமே கைதட்டிக்கொள்வது. அவருடைய பண்ணைக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்து, யாருக்கு எவ்வளவு துணி, எவ்வளவு மாவு என்று வரிசையாகக் கேளுங்கள்.

ஒன்றுமே சொல்லாமல் போனவர்களை என்ன செய்வது?

சாலி ஹெமிங்ஸைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஜெஃபர்சனின் அடிமை, அவருடைய பிள்ளைகளைப் பெற்றவர். அவர் எழுதிய ஒரு வரி இல்லை, ஒரு படம்கூட இல்லை. நமக்குக் கிடைப்பது மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஒஹையோ பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னது: பாரிஸில் இருந்தபோது அம்மா திரும்பி வர மறுத்தார், பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பேன் என்று ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே வந்தார். வெகுகாலம் பலர் இதை நம்பவில்லை. 1998 மரபணுச் சோதனைக்குப் பிறகு பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் மேடிசன் பக்கம் வந்துவிட்டார்கள்.

அதனால் மேடிசனைப் பேட்டி எடுங்கள். சாலியையே எடுத்துத்தான் தீருவேன் என்றால் கேள்விகளை மட்டும் எழுதிப் பதில் இடத்தைக் காலியாக விடலாம். ஒரு மாணவி அப்படித்தான் எழுதினார். கேள்விகளே ஒரு வாழ்க்கையைக் காட்டின.

ஈக்வியானோ ஆப்பிரிக்காவில் பிறக்கவே இல்லையாமே? அப்போது அவர் பேட்டி முழுக்கப் பொய்யா?

ஓலாடா ஈக்வியானோ 1789 சுயசரிதையில் தான் இப்போதைய நைஜீரியப் பகுதியில் பிறந்து, கடத்தப்பட்டு, கப்பலில் வந்ததாக எழுதினார். 1759 ஞானஸ்நானப் பதிவும், 1773 கப்பல் பணியாளர் பட்டியலும் அவர் பிறந்த இடத்தைக் கரோலினா என்கின்றன. ஆய்வாளர்கள் இன்னும் இரண்டு கட்சி. சிறுவன் வாயிலிருந்து அதிகாரி தப்பாக எழுதியிருக்கலாம், அல்லது மற்றவர்கள் சொல்லக் கேட்டதை அவர் தன் கதையாக்கியிருக்கலாம். 1766-இல் காசு சேர்த்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலையானதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பேட்டியில் அந்தப் பதிவேட்டை அவர் முன்னால் வையுங்கள். என்ன சொல்வார் என்பது ஊகம்தான், ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு எழுதுங்கள். இரண்டு விதமான பதிலும் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

வகுப்பில் ஒரு பையனை எஜமானாகவும் இன்னொருவனை அடிமையாகவும் நடிக்க வைக்கலாமா?

ஏலம் போடுவது, சவுக்கடி, கையைக் கட்டுவது எதையும் நடித்துக் காட்ட வேண்டாம். இது ஆசிரியர்களுக்கான பதில். நம் வகுப்பறையில் யார் யாருக்கு எந்த வேடம் கொடுக்கப்படும், இடைவேளையில் அந்தப் பெயர் யார் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாற்காலி போட்டுக் கேள்வியை ஒருவர், பதிலை ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தால் போதும். பாதியில் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ.யிடம் "நீதான் டப்மன்" என்று சொன்னால் அதுவே பேட்டி கொடுத்துவிடுகிறதே?

கொடுக்கும், எதைக் கேட்டாலும் கொடுக்கும், அதுதான் சிக்கல். கொசோலா துரத்தினார், டக்ளஸ் பெயர் சொல்ல மறுத்தார், சூசன் ஹாம்லின் ஆளைப் பார்த்துப் பேசினார். இந்தப் பொறி யாரையும் துரத்தாது. வேண்டுமானால் அது எழுதித் தந்த பேட்டியை அச்சடித்து, ஓரக்குறிகளைப் போட்டுப் பாருங்கள். 300 பேர், ஆயிரம் பேர் எல்லாம் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். தவறு பிடிக்கும் பயிற்சிக்கு உதவும்.

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? நம் ஊரில் அடிமைகள் இல்லையா?

இருந்தார்கள். தங்களையும் தங்கள் வாரிசுகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆள் விற்ற அடிமை ஓலைகள் இருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சையில் போரும் பஞ்சமும் வந்தபோது விலை போனவர்கள் ஆயிரக்கணக்கில். தென்னாப்பிரிக்காவின் கேப் பதிவேடுகளில் பெயரோடு "கோரமண்டல்" (நம் சோழமண்டலக் கரை) என்று ஒட்டிக்கொண்ட அடிமைகள் உண்டு. அடிமையைச் சொத்தாக நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் வந்தது 1843-இல். பண்ணையாள் முறை அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது.

சிக்கல் என்னவென்றால் இவர்களில் டக்ளஸ் போல எழுதி வைத்தவர் நமக்குக் கிடைக்கவில்லை. ஓலையில் இருப்பது விற்றவர், வாங்கியவர், விலை. அதனால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சாலிக்குச் சொன்ன வழியும், நியூட்டனுக்குச் சொன்ன வழியும் கைவந்த பிறகு, அடிமை ஓலை எழுதிய கணக்குப்பிள்ளையைப் பேட்டி எடுத்துப் பாருங்கள். மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போன ஒப்பந்தக் கூலிகளை மட்டும் இதில் கலக்காதீர்கள். அவர்கள் கதை தனி.

கடைசிக் கேள்வியாக "இன்றைய இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று வைக்கலாமா?

வைத்தால் கோடு போட்டு அடித்துவிடுவேன். அந்தக் கேள்விக்கு வரும் பதில் எல்லாம் நீங்களே எழுதியதாகத்தான் இருக்கும், ஓரத்தில் வரிசையாகக் கேள்விக்குறி விழும். மூன்று பக்கம், பத்துப் பன்னிரண்டு கேள்வி போதும். அவர் எழுந்து போக வேண்டிய நேரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அல்லது அவர் உங்களை ஏதாவது கேட்கட்டும், அதற்கு நீங்கள் பதில் எழுதுங்கள்.